தூணில் மாட்டிய தொப்பி

இக்குறிப்பில் நான் கண்ணால் கண்டவற்றையும் உரியவர் வாயிலிருந்து நேரில் கேட்டவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். பிறர் சொல்லக் கேட்டதாயின், சொன்னவர் யார் என்பதையும் சேர்த்தே சொல்வேன். இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்றால், சங்கரன்கோவிலில் அந்த ஏட்டையாவைப் பற்றி இரண்டு கதைகள் வழங்கிவந்தன. ஒன்றில் அவர் முதல் நாளிலிருந்தே எங்கள் தெருவை வேவு பார்க்க வந்த வஞ்சகர். மற்றொன்றில் அவர் மேலதிகாரியின் கட்டளைக்கும் தம் மனத்துக்கும் நடுவே நசுங்கிய நல்லவர். இரண்டையும் சொன்னவர்கள் தத்தமக்கு வேண்டிய இடத்தில் வேண்டிய சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள். அவரால் ஏமாற்றப்பட்டவர்களுள் நானும் ஒருவன். ஏமாந்தவன் சினத்தில் கூட்டிச் சொல்வது எளிது. ஆகவே இந்தக் கட்டுப்பாடு பிறரைக் காட்டிலும் எனக்கே மிகுதியும் வேண்டும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் நான் அந்த ஊர்ப் பள்ளியில் தமிழாசிரியனாகச் சேர்ந்தேன். நெசவாளர் தெருவொன்றில் மாடியறை கிடைத்தது. காலையில் சன்னலைத் திறந்தால் தெருவின் நீளத்துக்கும் பாவு விரித்திருப்பது தெரியும். தறியில் ஏற்றுவதற்கு முன் நெடுநூல்களை இருபுறமும் மரத்தூண்களில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுமுன் உலர்த்துவார்கள். அவ்வேளையில் தெரு நூலுக்கு உரியது. நடப்பவர்கள் சுவரோரமாக ஒதுங்கிச் செல்ல வேண்டும். காவலர்கள் மட்டும் ஒதுங்கியதில்லை. மிதிவண்டியை நேரே விட்டுக்கொண்டு வருவார்கள். சக்கரம் பட்டு இழைகள் அறும். அறுந்த இழைகளைத் தேடி முடிச்சுப் போடுவதற்குள் கஞ்சி காய்ந்து அன்றைய வேலை கெடும். யாரும் கேட்க முடியாது.

புதிதாக வந்த ஏட்டையா, முதல் நாளே தெருமுனையில் மிதிவண்டியை விட்டு இறங்கினார். பாவைப் பார்த்தார். வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, சுவரில் உரசியபடி தெருவின் மறுகோடி வரை நடந்தார். இதை நான் சன்னலிலிருந்து கண்டேன். கஞ்சி தடவிக்கொண்டிருந்தவர்கள் கைகளை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். அன்று மாலைக்குள் அச்செய்தி எல்லாத் தறிகளையும் எட்டியிருந்தது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. தெருவுக்குள் வந்ததும் பாவு கட்டும் தூண் ஒன்றில் தம் தொப்பியைக் கழற்றி மாட்டுவார். “தொப்பி இங்கன தொங்குத வரைக்கும் நான் போலீசு இல்ல. ஒங்க பக்கத்து வீட்டுக்காரன். மனசுல உள்ளதச் சொல்லுங்க. தொப்பிய எடுத்துட்டா மட்டும் பாத்துப் பேசுங்க” என்பார். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பின்னர்ச் சோதித்துப் பார்த்தார்கள். மதுவிலக்குக் காலத்தில் கணவன் எங்கே போய்க் குடித்துவிட்டு வருகிறான் என்று ஒரு பெண் சொன்னாள். அந்த மனிதன் கைதாகவில்லை. ஏட்டையா அவனைத் தனியே அழைத்துப் பேசினார், அவ்வளவே. அண்ணன் தம்பிக்குள் கூரை ஓடு மாற்றுவது பற்றிய சண்டையில் மண்டை உடைந்தபோதும் அது தெருவுக்குள்ளேயே தீர்ந்தது. சொன்ன சொல் ஒன்றும் காவல் நிலையத்துக்குப் போகவில்லை என்பதைத் தெரு ஒவ்வொரு முறையும் கவனித்தது. கவனித்துக் கவனித்தே நம்பிக்கை வளர்ந்தது. நான்கூட என் சக ஆசிரியர்களிடம், ஆட்சி மாறியதன் அடையாளம் இப்படித்தான் இருக்கும் போலும் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

நூல் தட்டுப்பாடு மிகுந்த காலம் அது. தறியில் ஏறிய பாவையே அறுத்துக்கொண்டு போகும் திருட்டு தொடங்கியது. ஏட்டையா வீட்டுக்கு ஓர் ஆள் கேட்டு, தெருக்காவல் ஏற்படுத்தினார். கைத்தடியும் ஊதலும் கொடுத்து, எப்படிச் சுற்றிவர வேண்டும், எப்போது ஊத வேண்டும் என்று அவரே கற்பித்தார். தெருவில் மூத்த நெசவாளர் ஒருவர், எல்லாருக்கும் அண்ணாச்சி, அக்காவலுக்குத் தலைவரானார். காவல் தொடங்கிய புதிதில் ஓர் இளைஞன் இருட்டில் அசைந்த உருவத்தைக் கண்டு ஊதித் தெருவையே எழுப்பிவிட்டான். மறுநாள் அண்ணாச்சி அவனை நிறுத்தி, “ஏலே, ஊதுததுக்கு முந்தி மூஞ்சியப் பாருலே. அது ஒன் மாமனாருலே. வெளிய போகக்கூட விடமாட்டியோ?” என்று கேட்டதை நான் மாடியிலிருந்து கேட்டேன். ஏட்டையா தூணில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திருட்டு நின்றது. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில்கூட எங்கள் தெரு ஆள்களைத்தான் தம்மோடு நிறுத்திக்கொண்டார்.

என் அறைக்கு எதிர்வீட்டில் பெரியக்கா இருந்தார். கணவரை இழந்தவர், பிள்ளை இல்லை. தம் தம்பியைத் தூக்கி வளர்த்துத் தறியில் உட்காரவைத்தவர். தம்பி இழுத்துவிட்டால் நாடா பறக்கும் என்று தெருவில் சொல்வார்கள். குறுக்குநூலைக் கொண்டோடும் அந்த நாடாவை விரட்ட வலக்கையால் கயிற்றைச் சொடுக்கும்போது எழும் ஒலியைக் கொண்டே அது அவன் தறி என்று நானும் அறிவேன். பள்ளி விட்டு வந்தால் மாலை முழுவதும் எனக்குக் கேட்கும் ஒலி அதுதான்.

ஊருக்கென்று வந்த நூலை வணிகர் ஒருவர் வண்டியில் ஏற்றி வேறெங்கோ அனுப்புகிறார் என்று தெரிந்தபோது, தெரு இளைஞர்கள் வண்டியை மறித்தார்கள். தம்பி மாட்டின் முன்னே தரையில் படுத்துக்கொண்டான். ஏட்டையா ஓடிவந்து விலக்குவதற்குள் தள்ளுமுள்ளில் வண்டிக்காரரின் கை முறிந்தது. நான் அப்போது பள்ளியில் இருந்தேன். இவ்வளவும் அண்ணாச்சி சொல்லக் கேட்டது. தம்பி கை ஓங்கவில்லை என்பதை அவர் உறுதியாகச் சொன்னார். ஆனால் கைதுக் கட்டளையில் முதற்பெயர் அவனுடையதே. அன்றே அவன் தலைமறைவானான். வெளியூரிலிருந்து தனிக் காவற்படை வந்து இறங்கியது. அவர்கள் கையில் சிக்கியவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்பதை ஊர் அறியும்.

பெரியக்கா வேண்டியது ஒன்றே. தம்பி அடிபடாமல் நீதிமன்றத்தில் போய் நிற்க வேண்டும். திருநெல்வேலி வழக்கறிஞர் ஒருவர் திங்கட்கிழமை வந்து அழைத்துச் செல்ல இசைந்திருந்தார். அதுவரை அவனைக் காக்க வேண்டும். அந்த வாரத்தில் ஒரு காலை, ஏட்டையா வழக்கம்போல் வந்து தொப்பியைத் தூணில் மாட்டினார். பெரியக்கா என்னையும் கூட இருக்கச் சொல்லியிருந்தார். பின்வரும் சொற்கள் என் காதால் கேட்டவை.

“ஏட்டையா, அவன் கை ஓங்கல. மாட்டுக்கு முன்னால படுத்துக் கெடந்தான். இதுதான் அவன் செஞ்ச குத்தம்.”

“தெரியும்க்கா. ஆனா வந்திருக்கவனுவளுக்கு அது தெரியாது. தெரிஞ்சாலும் கேக்கமாட்டானுவ.”

“வக்கீலு திங்கக்கெழம வாரேன்னுருக்காவ. அவிய கூடவே போயி கோர்ட்டுல நிப்பான். அது வரைக்கும் அவன் மேல ஒரு அடி விழக்கூடாது.”

“எந்தப் பக்கம் இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. தேடுத ஆளுவளப் பிரிச்சு அனுப்புதது நான்தான். அந்தப் பக்கம் ஒருத்தனும் போகாமப் பாத்துக்கிடுதேன். தெரியாமப் போனா, நானே அங்கன ஆள அனுப்பிருவேனே.”

பெரியக்கா திரும்பித் தூணைப் பார்த்தார். தொப்பி அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. பிறகுதான் சொன்னார்.

“புளியங்குடியில எங்கொழுந்தன் எலுமிச்சத் தோட்டம். கெணத்தடிக் கொட்டகையில இருக்கான்.”

“சரி. நான் கேக்கல, நீங்க சொல்லல” என்றார் ஏட்டையா. அக்கா கொடுத்த மோரைக் குடித்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, பாவில் படாமல் குனிந்து ஒதுங்கிப் போனார்.

திங்கட்கிழமைக்கு முன்பே தம்பியைப் பிடித்துவிட்டார்கள். தோட்டத்துக்குரிய கொழுந்தனாரை நான் பின்னர் நேரில் கண்டு கேட்டேன். அவர் சொன்னது இது: “தொப்பியும் காக்கியுமா முன்னால வந்தது ஒங்க ஏட்டையாதான், வாத்தியாரே. வேற ஒருத்தனுக்கும் வழி தெரியல. கொட்டகையக் கையக் காட்டிட்டு, வேலியோரமாப் போயி நின்னுக்கிட்டாரு. எம்முகத்த ஏறிட்டுப் பாக்கல.” கொழுந்தனாருக்குப் பொய் சொல்ல வேண்டிய தேவை எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர் சொன்னதை ஏட்டையாவும் மறுக்கவில்லை. இதை எப்படி அறிந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செய்தி வந்ததும் பெரியக்கா காவல் நிலையத்துக்குப் புறப்பட்டார். நானும் உடன் சென்றேன். ஏட்டையா மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். சுற்றிலும் வேற்றூர்க் காவலர்கள் இருந்தார்கள். அக்கா அழவில்லை. குரலைக்கூட உயர்த்தாமல் கேட்டார்: “தொப்பியக் கழத்தி வச்சுட்டுத்தான கேட்டிய, ஏட்டையா?”

அவர் நிமிரவில்லை. எழுதியபடியே, “தொப்பியக் கழத்துனா காதையுமா கழத்தி வச்சிருதோம்?” என்றார்.

காவலர்களுள் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஏட்டையா சிரித்தாரா என்பதை நான் காணவில்லை. அவர் தலை குனிந்தே இருந்தது. வெளியே வந்து பேருந்து நிற்கும் இடம் வரை நடந்தோம். அங்கே பெரியக்கா நின்று, “எம்புத்திக்கு ஒரு தொப்பி போதும்னு அந்த ஆளு கண்டுபிடிச்சுட்டாரு, பாத்தியளா” என்றார். அதன்பின் அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை.

தம்பியை மறுமுறை நான் கண்டபோது அவனுடைய வலக்கை விரல்கள் நேராக இல்லை. கட்டு அவிழ்த்த பிறகும் அவை மடங்கவில்லை.

சில நாள் கழித்து ஏட்டையா தெருவுக்கு வந்தார். பாவு விரித்திருந்தது. மிதிவண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டே வந்தார். ஓர் இழையைக்கூடத் தொடவில்லை. அந்தக் கவனம் மாறாமல் இருந்ததுதான் எங்களை மிகவும் புண்படுத்தியது. பழைய தூணருகே நின்று தொப்பியில் கை வைத்தார். அண்ணாச்சி கஞ்சிக் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்தார்.

“வேண்டாம் ஏட்டையா. தொப்பி தலையிலயே இருக்கட்டும். ஒங்களுக்கும் அது நல்லது, எங்களுக்கும் அது நல்லது.”

ஏட்டையா, “என் நெலம ஒங்களுக்குப் புரியாது அண்ணாச்சி” என்றார்.

“புரியவைக்க இவ்வளவு நாளு இருந்துச்சே வே” என்றார் அண்ணாச்சி. “வே” என்று சமமானவரை அழைக்கும் அச்சொல்லை ஒரு காவலரிடம் அந்தத் தெருவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மறுநாள் கைத்தடிகளும் ஊதல்களும் ஒரு சாக்கில் கட்டப்பட்டுக் காவல் நிலைய வாசலில் வைக்கப்பட்டன. திருட்டு மீண்டும் தொடங்கியது. பாவைப் பறிகொடுத்த வீடுகள் முறையிடவே போகவில்லை.

வழக்கு சங்கரன்கோவில் நீதிமன்றத்தில் நடந்தது. அன்று நான் போகவில்லை. வழக்கறிஞர் என்னிடம் சொன்னபடி, சாட்சிக் கூண்டில் ஏறிய ஏட்டையா, வண்டிக்காரரைத் தாக்கியவர்களுள் இவனைத் தாம் காணவில்லை என்று உறுதியாகச் சொன்னார். குறுக்கு விசாரணையிலும் அதையே சொன்னார். தம்பி விடுதலையானான். அவரை நல்லவராக்கும் கதை இங்கிருந்து பிறந்தது. எனக்கு அச்சாட்சியம் ஆறுதல் தரவில்லை. உண்மையைச் சொல்ல அவருக்கு ஒரு நாள் இருந்தது. அந்த நாளை விரல்கள் ஒடிந்த பின்னே தேர்ந்தெடுத்தார். அடுத்த ஆண்டு அவருக்கு மாறுதல் ஆயிற்று. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

அதற்குப் பின் எதிர்வீட்டில் பெரியக்கா தறியில் உட்கார்ந்தார். தம்பி அருகே தரையில் அமர்ந்து, இடக்கையால் இராட்டையைச் சுற்றி, நாடாவுக்கான குழல்களில் நூல் ஏற்றி, அக்காவுக்குத் தார் போட்டுக் கொடுத்தான். பெண்களும் பிள்ளைகளும் செய்யும் வேலை என்று கருதப்பட்ட அதை அவன் கடைசி வரை செய்தான். மாலையில் எனக்குக் கேட்ட ஒலி மாறிப்போயிருந்தது. அது மெதுவாகவும் இடையிடையே நின்றும் கேட்டது.

இப்போது அத்தெருவில் பாவு விரிப்பதில்லை. விசைத்தறிகளின் இரைச்சலில் எதிரெதிரே நின்று பேசுவதே அரிது. காவலும் மக்களும் நண்பர்கள் என்று எழுதிய பலகை ஒன்றை அண்மையில் தெருமுனையில் கண்டேன். இளம் உதவி ஆய்வாளர் ஒருவர் கூட்டம் கூட்டி, அஞ்சாமல் தகவல் சொல்லுங்கள், சொல்பவர் பெயர் வெளிவராது என்று கேட்டுக்கொண்டார். மனத்தில் உள்ளதைத்தான் சொல்கிறார் என்றே எனக்குப் பட்டது. கூட்டம் முடியும் வரை முதியவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏன் என்று அவர் என்னைக் கேட்டார். ஊர்ப் பழக்கம் என்று சொல்லி வந்துவிட்டேன்.

எனக்குத் தெரியாதவற்றைச் சொல்லி முடிக்கிறேன். ஏட்டையாவைக் கட்டாயப்படுத்தினார்களா, தாமே முன்வந்து சொன்னாரா என்பது தெரியாது. பிடித்த பின் தம்பியை என்ன செய்வார்கள் என்பதை அவர் எண்ணிப் பார்த்தாரா என்பது தெரியாது. பெரியக்கா இறந்த பிறகு தம்பியிடம் ஒரு முறை கேட்டேன். “கண்ணக் கெட்டியிருந்தாவ” என்றான். “விரலு ஒடிஞ்ச பொறவு யாரோ ஒருத்தர், போதும்னாரு. கேட்ட குரல் மாதிரியும் இருந்துச்சு, கேக்காத குரல் மாதிரியும் இருந்துச்சு.” அது ஏட்டையாவின் குரலா என்பது தெரியாது. அவர் குரலேயானால், இரக்கத்தால் சொன்னாரா, வேலை முடிந்தது என்று சொன்னாரா என்பதும் தெரியாது.