ஜெனிற்றா கண்ணிவெடி அகற்றிய காணிகள்: மன்னாரில் இரண்டு நாட்கள்

போன புரட்டாதிக் கடைசியில், ஒரு வெள்ளியும் சனியும் மன்னாரில் நின்றேன். ஏன் போனேன் என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் போன பாதை உங்களுக்கு விசித்திரமாகத் தெரியும். என் மனைவி ஜெனிற்றா மன்னார்த் தீவில் பேசாலை ஊர்க்காரி. இருபது வயதில் கண்ணிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் சேர்ந்து, ஏழு வருடம் மன்னார்ப் பெருநிலத்தில் முழங்காலில் இருந்து மண்ணை விறாண்டியவள். நான் அதே நிறுவனத்தின் வவுனியாக் கந்தோரில் கணினியில் வரைபடம் போட்டவன். எந்த நிலத்துண்டு வெடி பார்த்து முடிந்தது, எது பாக்கி என்று நிறம் தீட்டுவது என் வேலை. "ஒருநாள் வந்து பாருங்கோவன்" என்று எத்தனையோ தரம் கேட்டாள். "வரைபடத்தில பாத்தனான்தானே" என்று சொல்லிவிடுவேன்.

எட்டு மாதத்துக்கு முன் அவள் இறந்துபோனாள். எல்லோரும் கேட்பதால் எழுதுகிறேன்: வெடியால் அல்ல. காலையில் தலையிடி என்றாள். மத்தியானம் ஆஸ்பத்திரியில் மூளைக்குள் இரத்தக் கசிவு என்றார்கள். பின்னேரம் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்திரண்டு வயது. அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன். அழவில்லை. எனக்குள் எது பழுது என்று தேடிப் பார்த்தும் பிடிபடவில்லை. கடைசியில், நிறுவனத்தில் கேட்டு, அவள் வேலை செய்த துண்டுகளின் பழைய வரைபடங்களைப் போனில் ஏற்றிக்கொண்டேன். நான்கு இடங்கள். வழியில் இருக்கும் போர்க்கால இடங்களையும் சேர்த்து ஒரு பாதை போட்டேன்.

வவுனியாவிலிருந்து மன்னார் ஏறக்குறைய எண்பது கிலோமீற்றர். காலை 5.40 பஸ், 330 ரூபாய், 8.05க்கு இறங்கினேன். பஸ் நிலையத்தில் நஸீர் நாநாவின் ஓட்டோவை இரண்டு நாளைக்கும் சேர்த்து 14,000 ரூபாய்க்குப் பேசினேன். சிலாவத்துறை முஸ்லிம்; அவர்கள் அண்ணனை நாநா என்பார்கள். போரில் ஊரைவிட்டுப் போய், புத்தளத்தில் வளர்ந்து, பிறகு திரும்பி வந்து குடியேறியவர்.

"போர் நடந்த இடங்கள் பாக்கோணும் நாநா."

"அப்ப ஓட்டோ என்னத்துக்கு? இதில நிண்டே ஒரு சுத்துச் சுத்திப் பாருங்க, எல்லாம் அதுதான்" என்றார். பிறகு, கிடைத்த ஓட்டத்தைத் தானே கெடுக்கிறோமே என்று நினைத்தாரோ என்னவோ, "ஏறுங்க, ஏறுங்க" என்று அவசரப்படுத்தினார்.

முதலில் கோட்டை. பாலம் தீவைத் தொடும் இடத்தில் இருக்கிறது. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்தியது. நம் காலத்துப் போரிலும் அதற்கு வேலை இருந்தது. நான் போன அன்று கட்டணம் எதுவும் கேட்கவில்லை. உடைந்த தேவாலயச் சுவரின் நிழலில் மூன்று கழுதைகள் நின்றன, எங்களைப் பார்த்து அசையவே இல்லை. முக்கால் மணித்தியாலம் போதும்.

பாலம் கடந்தால் தள்ளாடி என்ற ஊர், அங்கிருந்து அடம்பன் பக்கமாக ஆட்காட்டிவெளி. போரில் இறந்த போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லம் இங்கே இருந்தது. போருக்குப் பிறகு கல்லறைகள் இடிக்கப்பட்டன. உடைந்த கற்களைச் சனம் பொறுக்கிக் குவித்து வைத்திருக்கிறது. கார்த்திகையில் வந்து விளக்கேற்றுகிறார்கள். நான் போனபோது ஒருவரும் இல்லை. வரிசைகள் எப்படி இருந்திருக்கும் என்று கண்ணால் அளந்து பார்த்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அங்கே யாராவது நின்றால் படம் எடுக்காதீர்கள்.

அன்று பின்னேரத்துக்குள் ஜெனிற்றாவின் நான்கு துண்டுகளில் மூன்றைப் பார்த்துவிட்டேன். ஒன்று கிரிக்கெட் விளையாடும் வெளி. ஒன்றில் பயறு போட்டிருந்தார்கள். மூன்றாவதில் ஒரு கல்வீடு எழும்பி, முற்றத்தில் உடுப்புக் காய்ந்தது. நல்ல விசயம்தான். வரைபடத்தில் ஒரு நிறத்தைச் சரிபார்த்தது போல இருந்தது, வேறொன்றும் இல்லை. மன்னார் நகரில் 4,500 ரூபாய்க்கு அறை எடுத்துப் படுத்தேன்.

சனிக்கிழமை காலை 7.30க்கு, நான்காவது துண்டு இருக்கும் நறுவிலிக்குளம் போய்ச் சேர்ந்தோம். நகரத்திலிருந்து பதினைந்து கிலோமீற்றர் அளவு, பிறகு வயலுக்குள் ஒன்றரைக் கிலோமீற்றர் மண்பாதை. காலபோக நெல்லுக்கு, மழைக்கு முந்திய புழுதி உழவு நடந்துகொண்டிருந்தது. பார்த்த பக்கமெல்லாம் மண் புரண்டு கிடந்தது. என் போன் காட்டிய இடம் மட்டும் உழப்படவில்லை. ஒரு வயலின் நடுவே, பன்னிரண்டு மீற்றர் அகலத்தில், நூற்றைம்பது மீற்றர் நீளத்துக்குப் புல் மூடிய ஒரு பட்டை. கடைசிப் போரில் அதில் மண் அணை கட்டியிருந்தார்கள். அணையை ஒட்டி மிதிவெடி புதைத்திருந்தார்கள்.

நான் போனையும் நிலத்தையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கண்டு, லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு ஒருவர் வரம்பால் வந்தார்.

"எந்தக் கந்தோர்?"

"கந்தோர் இல்லை அண்ணை. சும்மா பாக்க வந்தனான்."

"போனைப் பிடிச்சுக்கொண்டு என்ர காணியைச் சும்மா பாக்க வந்தவன் இண்டைவரைக்கும் ஒருத்தனும் இல்லை."

"இவர் போர் நடந்த இடம் பாக்கிறவர் அண்ணன்" என்றார் நஸீர் நாநா. "காசு குடுத்துப் பாக்கிறார்."

"நாங்கள் காசு குடுக்காமல் பாத்தனாங்கள்" என்றார் அவர்.

அவர் பெயர் கணேசலிங்கம். கொஞ்ச நேரத்தில் அவருடைய மனைவி பரமேஸ் அக்கா பால் விடாத பிளேன்ரீ ஊற்றிய போத்தலோடு வந்தா. இருவரும் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து ஆறு வருடத்துக்கு முன் திரும்பியவர்கள். இவ்வளவும் உழுதுவிட்டு நடுப்பட்டையை ஏன் விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அது சரிவராது தம்பி."

"துப்புரவாக்கி முடிஞ்சதெண்டு சான்றிதழ் தந்திருப்பினமே?"

"தந்தவை. பிளாஸ்ரிக் உறை போட்டு அலுமாரிக்குள்ள கிடக்கு. அது வந்து உழுமே?"

"இவருக்குப் பயம்" என்றா அக்கா. "ஆறு வருசமா வரம்பில நிண்டு புல்லைப் பாக்கிறார்."

"உமக்குப் பயமில்லையோ? இறங்குமன் பாப்பம்."

"நான் செத்தா உங்களுக்கு ஆர் சமைக்கிறது?"

பகிடியாகத்தான் பேசினார்கள். ஆனால் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. கணேசண்ணையின் தமையன், வெடி அகற்றுவதற்கு முதல், விறகு வெட்டப் போய் அந்த அணையடியில்தான் ஒரு காலை இழந்தவர். பட்டை குறுக்கே கிடப்பதால் வாய்க்கால் கீழே போக முடியவில்லை. அதற்குக் கீழுள்ள பாதி வயல் ஒவ்வொரு வருடமும் காய்கிறது. இந்த முறையும் காய்ந்தால் காணியைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கொழும்புக்கு மேசன் வேலைக்குப் போவதாக முடிவு எடுத்திருந்தார். மழைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். ஒரு நிலத்தைப் பார்த்து முடித்ததும் வெடி அகற்றியவர்கள் காகிதத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போவதில்லை. காணிக்காரரை வரம்பில் நிற்க வைத்து, அவர்கள் கண்முன்னால், தோளோடு தோள் சேர்ந்து அந்த நிலத்தை இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை மிதித்து நடப்பார்கள். சனம் நம்புவது அந்த நடையைத்தான். பக்கத்துக் காணிக்காரர்கள் அதைப் பார்த்தவர்கள். அடுத்த போகமே உழுதுவிட்டார்கள். கணேசண்ணை அன்று தமிழ்நாட்டில், மண்டபம் முகாமில் இருந்தார்.

"மற்றவை பாத்தவை. நான் பாக்கேல்லை" என்றார்.

"அண்ணை, இந்தத் துண்டில வெடி எடுத்தது என்ர மனுசி" என்றேன்.

அவருடைய முகம் மாறிவிட்டது. "மெய்யாவோ? அப்ப அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவ ஒருக்கா நடக்கட்டும். நான் பாத்திட்டு இண்டைக்கே உழுறன்."

"அவ மோசம் போட்டா அண்ணை."

"வெடியிலயோ?" என்று அக்கா மெதுவாகக் கேட்டா. தலையிடி என்றேன். அக்கா பிளேன்ரீயை ஊற்றி என் கையில் தந்தா. நான் குடித்து முடித்து, கோப்பையைத் திருப்பிக் கொடுத்து, "நான் நடக்கிறன்" என்றேன்.

"உங்களுக்கு விசரோ?" என்றார் நஸீர் நாநா. "முழுசாக் கொண்டுவந்த ஆள நான் முழுசாத் திருப்பிக் கொண்டுபோகோணும்."

வரைபடத்தை நான்தான் போட்டேன். எல்லைக் குறிகள் சரி, பார்த்த ஆழம் உழவு போகும் ஆழத்தைவிட அதிகம். எல்லாம் தெரியும். ஆனாலும் வரம்பிலிருந்து ஒரு காலை இறக்கியவன் மற்றக் காலை எடுக்கவில்லை. ஏழு வருடம் கந்தோரில் இருந்து நிறம் தீட்டியவன் நான். ஒரு துண்டிலும் கால் வைத்ததில்லை. நெஞ்சு அடிக்கும் சத்தம் எனக்கே கேட்டது. எட்டு மாதத்துக்குப் பிறகு எனக்குள் ஏதோ நடக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அது பயம். ஜெனிற்றா சட்டியைக் கழுவினாலும் அடியைத் திருப்பிப் பார்த்துத்தான் கவிழ்ப்பாள். அதை நினைத்துக்கொண்டு அடுத்த காலை வைத்தேன்.

அரைவாசி போனதும் வலது கால் பொசுக்கென்று மண்ணுக்குள் போனது.

"யா அல்லாஹ்!" என்று நாநா போட்ட சத்தத்தில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. குனிந்து பார்த்தேன்.

"எலிப் பொந்து" என்று கத்தினேன்.

முதலில் சிரித்தது அக்காதான். பிறகு கணேசண்ணை, பிறகு நான். முழங்கால்வரை பொந்துக்குள் நின்றுகொண்டு நான் சிரித்தேன். காலை இழுத்தெடுத்துக் கடைசிவரை போய்த் திரும்பினேன்.

திரும்பும்போது பரமேஸ் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் பட்டைக்குள் இறங்கியிருந்தா. "நில்லும், நில்லும்!" என்று கணேசண்ணை வரம்பில் ஓடினார். "நிக்கிறதெண்டா வந்து என்னோட நில்லுங்கோ" என்றா அக்கா. அவர் சறத்தை மடித்துக் கட்டினார். சாமியைக் கூப்பிட்டார். இறங்கினார். நாநாவும் கடைசியில், "எல்லாரும் போனா நான் மட்டும் என்ன செய்யிற?" என்று வந்து சேர்ந்தார். நாலு பேரும் தோளோடு தோள் சேர்ந்து, அந்தப் பட்டையின் மீதி அகலத்தையும் விடாமல், ஏழு தரம் மேலும் கீழும் நடந்தோம். கணேசண்ணை கடைசி இரண்டு தரமும் வேண்டுமென்றே குதித்துக் குதித்து நடந்தார்.

9.20க்கு லான்ட்மாஸ்ரர் பட்டைக்குள் இறங்கியது. மண் கறுப்பாகப் புரண்டது. இவ்வளவு வருசமும் படுத்திருந்த மண், நெல் எப்படிப் பிடிக்கப்போகிறது பாருங்கோ என்றார் கணேசண்ணை. நான் அரை மணித்தியாலம் நின்று பார்த்துவிட்டுப் புறப்பட்டேன்.

அரிப்புப் பாலம் தாண்டியதும் ஓட்டோவை ஓரமாக்கச் சொன்னேன். அருவியாற்றைப் பார்த்துக்கொண்டு அழுதேன். கொஞ்ச நேரம் இல்லை, நன்றாகவே அழுதேன். நாநா தள்ளிப்போய் நின்று வெற்றிலை போட்டார். திரும்பி வந்து, "வெயிட்டிங் காசு எடுக்கமாட்டன், பயப்படாம அழுங்க" என்றார். மத்தியானம் சிலாவத்துறையில் அவர் வீட்டில் பாரை மீன் சோறு. குண்டு துளைத்த பழைய சுவர்கள் ஊருக்குள் இன்னும் சில இடத்தில் இருக்கின்றன. நாநாவின் வீட்டுச் சுவரிலும் ஒன்று இருந்தது. அதற்குமேல் புதுச் சாந்து பூசி, நாட்காட்டி மாட்டியிருந்தார்.

போகிறவர்களுக்குச் சில விசயங்கள். ஆடி, ஆவணியில் வெயிலும் காற்றும் கடுமை, புரட்டாதி பரவாயில்லை. தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். நகரம் தாண்டினால் சாப்பாட்டுக் கடைகள் குறைவு. இராணுவ, கடற்படை முகாம்களைப் படம் எடுக்கவேண்டாம். ஓட்டோ பேசும்போது பெற்றோல் சேர்த்தோ இல்லையோ என்று முதலே கேளுங்கள். நான் நடந்தது போல நீங்கள் எங்கேயும் நடக்காதீர்கள். என்னிடம் வரைபடம் இருந்தது, அவர்களிடம் சான்றிதழ் இருந்தது, அந்த வேலை செய்தவளை எனக்குத் தெரியும். தெரியாத காட்டிலும் வெளியிலும் சனம் நடக்கும் பாதையை விட்டு இறங்கவே கூடாது.

மூன்று கிழமைக்குப் பிறகு கணேசண்ணை போன் எடுத்தார். மழை விழுந்துவிட்டது, வாய்க்கால் வெட்டியாயிற்று, முழுக் காணியும் விதைத்தாயிற்று. கொழும்புப் பேச்சு இல்லை.

தை மாதம் நறுவிலிக்குளம் பக்கம் போனால் அந்தப் பட்டை எதுவென்று தேடாதீர்கள், உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அங்கேயும் வரம்பில் மட்டும் நடந்துபோங்கள். பயிர் மிதிபடும்.