கரி எரிக்கப் போன கார்

தையல்காரருக்கு உலகமே வீட்டுக்கும் கடைக்கும் நடுவிலிருந்த இரண்டு தெருதான். அதற்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்ததில், ஆசையாய் வாங்கிய பழைய டீசல் காரின் புகை வடிகட்டியில் கரி அடைத்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

“வண்டி நல்லா சூடானாத்தான் அந்தக் கரி எரியும். விளக்கு அணையுற வரைக்கும் நெடுஞ்சாலையில நிக்காம விரட்டுங்கண்ணே,” என்றார் மெக்கானிக்.

கல்யாணமான நாள் முதல் தையல்காரர் எங்குமே கூட்டிப்போகாத மனைவி, கேட்ட மாத்திரத்தில் முன்சீட்டில் ஏறிவிட்டாள். கார் சீறியது. மனிதருக்குக் குஷி தலைக்கேறியது. லாரிகளை முந்தினார், வாய்விட்டுப் பாடக்கூடச் செய்தார். சட்டென்று விளக்கு அணைந்தது.

“அணைஞ்சிடுச்சு! அணைஞ்சிடுச்சுடி!” என்று கத்தியவர், உடனே வீட்டுக்குத் திரும்ப வழி தேடினார்.

அவள் எட்டி, விளக்கிருந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

“எங்க அணைஞ்சுது? இன்னும் எரியுது. பேசாம ஓட்டுங்க!”