இரண்டாம் பந்தி

கல்யாண வீட்டில் இரண்டு பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டவனை ஊர் சிரித்து மன்னித்துவிடும். நான் அதை சர்ச்சில் செய்தேன், பந்தி பந்தியாக மண்டியிட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் திருவிருந்தில். ஐம்பது தாண்டிய வயதில், குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தெளிந்த புத்தியோடு.

என் பக்தியின் நிலவரத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். தேவபயத்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். கேட்டால் அரை மணி நேரம் பேசுவேன். பயம்தான் வந்ததில்லை. நான் வேலை பார்க்கும் அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் எதற்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்று வகுப்பே எடுக்கிறார்கள். மாமல்லபுரம் போகும் சாலையில் இருக்கும் எங்கள் ஆலயத்தில் அந்த வசதி இல்லை. பாட்டு நடக்கும்போது மனசு கூடுவாஞ்சேரி டிராஃபிக்கில் நிற்கும். ஜெபத்தின்போது மத்தியான மீன்குழம்பில் இறங்கிவிடும். என்னிடம் பயபக்தி என்று ஏதாவது இருந்தால் அது முழங்காலில்தான் இருந்தது. பீடத்துக்கு முன்னால் உள்ள மரக் கிராதியைப் பிடித்து மண்டியிடும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும், நான் சின்னவன் என்று உடம்பு ஒப்புக்கொள்ளும். மனசுக்கு அதில் சம்பந்தமில்லை.

அந்த முழங்காலைத்தான் செங்கல்பட்டு டாக்டர் எக்ஸ்ரேயில் பார்த்து, "தேஞ்சிடுச்சு சார், இனிமே மண்டி போடாதீங்க" என்றார். முட்டி ஓய்வு பெற்றுவிட்டால் எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் வேறு என்ன போக்குவரத்து இருக்கிறது?

"நின்னுகிட்டே வாங்கினா ஆண்டவர் வேணாம்னா சொல்லப் போறாரு?" என்றாள் மனைவி. அவர் சொல்ல மாட்டார். பிரச்சினை எனக்குத்தான். நின்றுகொண்டு என் உடம்பு எதையும் ஒப்புக்கொள்ளாது.

அந்த மாதத் திருவிருந்து ஞாயிறு முதல் பந்தியிலேயே போய் மண்டியிட்டேன். அப்பம் வந்தது, ரசம் வந்தது. வழக்கம்போல ஒன்றும் நடக்கவில்லை. ஆயர் ஆசீர்வாதம் சொன்னார், வரிசை எழுந்து போனது. நான் போகவில்லை. வலது முட்டி பூட்டிக்கொண்டது. கிராதியைப் பிடித்து எழப் பார்த்தேன், கிராதிதான் அசைந்தது.

அடுத்த பந்தி வந்து இரண்டு பக்கமும் மண்டியிட்டது. பக்கத்தில் வந்தவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், எங்கள் சபையில் தபேலா வாசிப்பவர். தலையைக் குனிந்தபடியே கேட்டார்:

"இன்னா அண்ணாத்த, இன்னும் ஜெபிச்சிகினு கீறியா?"

"முட்டி மாட்டிக்கிச்சு."

"பேஜாரா பூட்ச்சே. இப்ப எய்ந்தா அசிங்கம். பந்தி முடியட்டும், தூக்கி வுடறேன். கம்முனு இரு."

கிராதியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆயர் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தார். அவர் முகங்களைப் பார்க்க மாட்டார். யாருக்குக் கொடுக்கிறோம் என்று மனுஷன் பார்க்கக் கூடாதாம். ஏந்திய கைகளை மட்டும் பார்ப்பார். ஏந்தாமல் இருந்தால் ஆண்டவர் கொடுப்பதை வேண்டாம் என்றதாகும். ஏந்தினால், ஒரே தடவை வாங்க வேண்டியதை ஏமாற்றி இரண்டாம் தடவை வாங்கியதாகும். தகுதியில்லாமல் புசிக்கிறவன் தனக்கே தண்டனைத் தீர்ப்பைப் புசிக்கிறான் என்று வேதத்தில் எழுதியிருப்பது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. படித்தவனாயிருப்பதில் இப்படி ஒரு தொந்தரவு.

ஆயரின் செருப்பில்லாத பாதங்கள் நெருங்கின. என் கைகள் தாமாகவே ஏந்திக்கொண்டன. நடுங்கின. அப்பம் உள்ளங்கையில் விழுந்தது. ஆண்டவரே, என்னை ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறீர் என்று கேட்கத் தோன்றியது. இத்தனை வருஷம் வராத பயம் இதுதானா? இல்லை, பிடிபடப் போகிற திருடனின் பயமா? இரண்டுக்கும் ஒரே நடுக்கம் என்றால் எப்படிப் பிரிப்பது? ஒழுங்காக வாங்கியபோது வராதது, தப்பாக வாங்கியபோது ஏன் வர வேண்டும்?

பந்தி முடிந்ததும் ஆட்டோக்காரர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். நான் திரும்பி நடந்தபோது பெண்கள் பக்கம் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவ்வளவு நேரம் ஜெபத்தில் மூழ்கியிருந்தேனாம்.

ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்: இரண்டு தடவை வாங்கியது, நடுங்கியது, எந்தத் தடவை வாங்கியது உண்மையில் வாங்கியது என்று தெரியாதது, இனி மண்டியிடாமல் அந்த நடுக்கம் எனக்கு மறுபடி வருமா என்பது. அங்கியை மடித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"அது நீங்களா? கை நடுங்கினதப் பாத்து யாரோ ரொம்ப வயசானவர்னுல்ல நெனச்சேன்" என்றார். "பரவால்ல, அடுத்த மாசத்துலேர்ந்து பெஞ்சுலயே உக்காந்திருங்க. பெரியவங்களோட சேத்து உங்களுக்கும் நானே வந்து குடுத்துடறேன்."