அப்பு மறைக்காத கடன்

இந்த நாட்டில் கடன் கொடுக்கிறவர்கள் நம்மைத் தேடி வருகிறார்கள். ரொறொன்ரோவில் என் வீட்டுத் தபால்பெட்டியைத் திறந்தால், கேள்விப்படாத கம்பனி ஏதாவது ஒன்றின் கடிதம் கிடக்கும். என் பெயரைப் பாதியில் வெட்டி, மீதியைப் பிழையாக எழுதி, 'உங்களைப் போன்ற நம்பிக்கைக்குரியவருக்கு' என்று தொடங்குவார்கள். வாங்குங்கள், ஆறுதலாகத் திருப்பித் தாருங்கள் என்று மன்றாடுவார்கள். பருத்தித்துறையில் எங்கள் ஒழுங்கை முடிவிலிருந்த கூட்டுறவுச் சங்கக்கடையில் ஒரு கொத்து அரிசியைக் கடனாகக் கேட்டால் மனேஜர் கூரை முகட்டைப் பார்ப்பார். அவர் முகட்டைப் பார்ப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். முதல் கடிதம் வந்தபோது யாரோ என்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று பயந்துபோய், மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் கரவெட்டிச் சிவநேசனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் வாசித்துவிட்டுச் சிரித்தான். "பயப்பிடாதை. உனக்கு இங்கை மதிப்பு வந்திட்டுது" என்றான். கடன் தர ஆள் இருப்பதுதான் ஒருவனுக்கு மதிப்பு என்று நம்பிய இன்னொரு மனிதரை எனக்குத் தெரியும். அவர் என் அப்பு, என்னைப் பெற்ற தகப்பன். அந்த நம்பிக்கையால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை ஊரில் இருக்கிறவர்களும் என்னைப் போல் வெளிக்கிட்டு வந்தவர்களும் அறிய வேண்டும் என்று தோன்றுகிறது.

அப்பு சொந்த வள்ளம் இல்லாத கடல் தொழிலாளி. வள்ளமும் வலையும் சம்மாட்டியுடையவை. பிடிபடும் மீனில் வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மிஞ்சியது போகிறவர்களுக்கு. ஒரு நாள் கை நிறைய வரும், அடுத்த கிழமை முழுவதும் வெறுங்கை. வாடைக்காற்று தொடங்கினால் கடலுக்கே போக முடியாது. அதனால் தொழில் தொடங்கு முன்னரே சம்மாட்டி தன் ஆட்களுக்கு முற்பணம் கொடுத்துவிடுவார். பிறகு பங்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பார். எல்லோருக்கும் ஒரேயளவு கொடுக்கமாட்டார். கடலை வாசிக்கத் தெரிந்தவனுக்கும் சொல் தவறாதவனுக்கும் கூடுதல், குடிகாரனுக்குக் குறைவு, நம்பமுடியாதவனுக்கு ஒன்றுமேயில்லை. ஒழுங்கைக் கிணற்றடியில் பெண்கள் தங்கள் புருசன்மாரின் முற்பணத்தைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் வெல்லப் பார்ப்பார்கள். உத்தியோகத்தர் வீடுகளில் பட்டம் பதவி சொல்வது போல எங்கள் பக்கத்தில் அது. அப்புவுக்கு வருசாவருசம் எல்லோரிலும் கூடுதல். அம்மா கிணற்றடியில் வாய் திறக்கவே தேவையில்லாமல் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் பூமணி அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கப்பலில் வேலை, அமைதியான ஆள், அக்காவைக் கோயில் திருவிழாவில் கண்டு தானே விரும்பிக் கேட்டவர். அக்காவும் விரும்பினாள். அதை அவள் வாயால் சொல்லவில்லை. அந்த நாட்களில் அவள் சமைத்த கறிகளில் உப்பு ஏறியும் இறங்கியும் இருந்ததிலிருந்து நாங்கள் விளங்கிக்கொண்டோம். மாப்பிள்ளை வீட்டார் நகையைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. கல்வீடு ஒன்று மட்டும் வேண்டும் என்றார்கள். எங்களுடையது கிடுகு வேய்ந்த மண்வீடு. அம்மாவின் சீதனக் காணியில் இடம் இருந்தது, கையில் காசு இல்லை. வீடு கட்ட வங்கியில் கடன் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதும் அப்புவுக்கு அது கிடைத்துவிட்டது போலவே ஆயிற்று. நல்ல நாள் தவறக்கூடாது என்று, கையிலிருந்ததைப் போட்டு, மண்வீட்டுக்குப் பக்கத்தில் அத்திவாரமும் கட்டிவிட்டார். கடன் கேட்கப் போனது அதற்குப் பிறகுதான்.

நான் அப்போது படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். இங்கிலீசில் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தேவைப்படவில்லை. அதிகாரி எங்கள் ஊர்ப்பக்கத்துத் தமிழர்தான், மரியாதையாகவே பேசினார். மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டார். "மாதம் எண்டு இல்லை ஐயா, கடல் தாறதுதான்" என்றார் அப்பு. அதிகாரி பேனையால் மேசையில் தட்டியபடி யோசித்தார். பிறகு கேட்டார், "வேறை எங்கையும் கடன் இருக்கோ?"

அப்பு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வியே அதுதான்.

"ஓம் ஐயா. சம்மாட்டியிட்டை இருக்கு. எங்கடை கரையிலை எனக்குத்தான் எல்லாரிலும் கூடத் தந்தவர்."

"எவ்வளவு?"

"இரண்டாயிரம்."

உண்மையில் அவர் வாங்கியது அதில் பாதிதான். இரண்டாயிரம் தருகிறேன் என்று சம்மாட்டி சொன்னதும், இவர் பாதி போதும் என்றதும் எனக்குத் தெரியும். கொடுக்க முன்வந்ததைத்தான் அப்பு கணக்குச் சொன்னார், தன் மதிப்பு அதுதான் என்று. நானும் பக்கத்தில் பெருமையோடு இருந்தேன். எங்கள் கரையில் வளர்ந்த எவனும் அப்படித்தான் இருந்திருப்பான்.

"அப்ப இரண்டாயிரம் ஏற்கெனவே உங்கடை தலையிலை கிடக்கு" என்றார் அதிகாரி.

"ஓம், கிடக்கு" என்றார் அப்பு, மலர்ந்த முகத்தோடு. "வேணுமெண்டால் அவரையே கேட்டுப் பாருங்கோ."

இருவரும் தமிழர், ஒரே பாசை, ஒரு மேசை அகலம்தான் இடையில். ஆனாலும் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டாம் தரம் போனபோது அதிகாரி தன்மையாகவே விளங்கப்படுத்தினார். நிரந்தர வருமானம் இல்லை, அதற்கு மேல் பெரிய கடனும் இருக்கிறது, இப்படிப்பட்டவருக்குக் கொடுக்க மேலிடம் விடாது. வாங்கியது பாதிதான் என்று அப்பு அப்போது சொல்லிப் பார்த்தார். அதிகாரி பரிதாபமாகப் பார்த்தார். மாற்றிச் சொல்கிறவர் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

மாப்பிள்ளை வீட்டார் தை மாதம் வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு வேறிடத்தில் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அம்மாதான் அப்புவைச் சும்மா விடவில்லை. "உங்கடை வாயெல்லோ என்ரை பிள்ளையைக் கெடுத்தது" என்று சோறு போடும்போதும் சொன்னாள், எடுக்கும்போதும் சொன்னாள். அப்பு சோற்றைத் தின்றுவிட்டு எழும்பிப் போவார். கடன் கேவலமான சாமான் என்று வங்கியில் ஒரு படித்த மனிதர் சொல்லிவிட்டார் அல்லவா, அடுத்த முறை சம்மாட்டி முற்பணம் நீட்டியபோது வேண்டாம் என்றுவிட்டார். சம்மாட்டிக்கு முகம் கறுத்துவிட்டது. முற்பணம் வேண்டாம் என்றால் வேறு ஒருவரோடு போகப்போகிறான் என்றுதான் கரையில் அர்த்தம். அப்புவின் இடத்தில் வேறொருவரை ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு அப்பு கூப்பிட்டவர்களோடு கூலிக்குப் போய்வந்தார். அக்காவுக்கு வந்த மற்றச் சம்பந்தங்கள் அத்திவாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. அவள் தையல் மெசின் ஒன்று வாங்கித் தைக்கத் தொடங்கினாள். அவளுக்கு முப்பது தாண்டிய பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. 

நான் கனடாவுக்கு வந்து ஒரு மண்டபத்துச் சமையலறையில் கோப்பை கழுவினேன். கலியாணம், விருந்து இருந்தால் வேலை, இல்லாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். அப்புவின் கடல் மாதிரித்தான். ஆனால் ஒரு விசயத்தில் கவனமாக இருந்தேன். ஒருவரிடமும் ஒரு சதமும் கடன் படவில்லை. சில வருசம் பல்லைக் கடித்துச் சேர்த்துக்கொண்டு, சிறிய பழைய வீடொன்று வாங்க மோர்ட்கேஜ் என்கிற வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் சிவந்த முகத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். அதே கேள்வி வந்தது. கடன் ஏதும் உண்டா? இந்தக் கேள்விக்குத்தான் நான் இவ்வளவு காலமும் தயாராகியிருந்தேன். இல்லை என்றேன், ஒருபோதும் இல்லை என்றேன். பாராட்டுவார் என்று பார்த்தால், அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அப்படியானால் உன்னை நான் எப்படி அறிவது என்று கேட்டார். அறிமுகம் கேட்கிறாராக்கும் என்று நினைத்து நான் ஊர் பெயர் சொன்னேன், அப்புவின் பெயர் சொன்னேன், படித்த பள்ளிக்கூடத்தையும் சொன்னேன். நம்மூரில் ஒருவனை அறிவது அப்படித்தானே. அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, யாராவது உன்னை நம்பிக் கடன் தந்து, நீ அதைத் திருப்பிக் கொடுத்திருந்தால் நானும் நம்புவேன் என்றார்.

நான் கதிரையை விட்டு எழும்ப மறந்துபோனேன். எங்கள் கரையில் சம்மாட்டி கொடுக்கும் முற்பணத்தின் நியாயத்தை அந்த வெள்ளைக்காரர் அட்சரம் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னபடியே, தேவையில்லாத சின்னக் கடன் ஒன்றை எடுத்துத் தவணை தவறாமல் கட்டினேன். கையில் காசை வைத்துக்கொண்டு கடன் வாங்கும் முதல் யாழ்ப்பாணத்தான் நான்தான் என்று, அப்போது என்னோடு ஒரே அறையில் இருந்த சிவநேசன் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தான். வருமானம் அப்போதும் நிரந்தரமில்லை. ஆனாலும் மறு வருசம் வீட்டுக்கடன் கிடைத்தது. கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்தபோது எனக்குச் சந்தோசம் வரவில்லை. அப்புவிடம் இதை நேரே சொல்ல வேண்டும் என்ற அவசரம்தான் இருந்தது.

அடுத்த சித்திரையில் ஊருக்குப் போனேன். வீடு வாங்கிவிட்டேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஆற்றை பேரிலை?" என் பேரில்தான் என்றேன். "ஆம்பிளைப்பிள்ளைக்கு என்னத்துக்கு வீடு?" என்றாள், உண்மையாகவே விளங்காமல். நம்மூரில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கட்டுகிறவளுடைய வீட்டுக்குப் போவான், அதுவரைக்கும் அக்கா தங்கைமாரின் வீட்டில் ஒரு மூலையில் இருப்பான். அக்கா காதில் விழாதது போல ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

அப்புவை மறுநாள் காலையில் கரையில் வைத்துப் பிடித்தேன். வங்கியில் நடந்ததைச் சொன்னேன். முதலில் அவருக்கு வேறு யோசனை. "அவன் உனக்கு உவ்வளவு காசு தந்தால், நீ அவனுக்கு என்ன பிடிச்சுக் குடுக்கவேணும்?" என்றார். ஒன்றும் இல்லை, வட்டியோடு திருப்பிக் கொடுத்தால் போதும் என்றேன். எதற்காக முதலில் தர மறுத்தார்கள், எதற்காகப் பிறகு தந்தார்கள் என்பதை இன்னொரு தரம் நிதானமாகச் சொன்னேன். அவர் கடலைப் பார்த்தபடி நின்றார். 

"அப்ப அண்டைக்கு நான் சொன்னது பிழையில்லை எண்டுறாய்."

"பிழையில்லை, அப்பு."

"உதைக் கொக்காவுக்கு, பூமணிக்குச் சொல்லு" என்றார். "நான் சொன்னால் எடுபடாது."

 அத்தனை வருசமாக அம்மா பேசியதையெல்லாம் வாய் பேசாமல் கேட்டிருந்த மனிதர், தன் மகளுக்கு ஒரு சொல் சொல்ல என்னை அனுப்புகிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்காவிடம் அன்றைக்கே சொன்னேன். மெசினை மிதிப்பதை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டாள். நல்ல சேதி கொண்டுவந்தவன் போல நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புவிலை பிழையில்லை" என்றாள் கடைசியில். "அந்தப் பாங்க் ஐயாவிலையும் பிழையில்லை, அவருக்குத் தெரியாது. கேட்டு வந்தவையிலையும் பிழையில்லை. அப்ப நான் இனி ஆரோடை தம்பி கோவிக்கிறது?"

 அவள் மறுபடியும் தைக்கத் தொடங்கினாள். சுவரெழுப்பக் காசு அனுப்புகிறேன், அந்த அத்திவாரத்தில் உனக்கொரு வீடு கட்டுவோம் என்றேன். "எனக்கு இப்ப உந்த மண்வீடே போதும்" என்றாள். அதில் கோபம் இருக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்பி வந்து தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் வந்து வீட்டைப் பார்த்துக் கெட்டிக்காரன் என்று சொல்லிப் போகிறார்கள். நானோ ஆணி அடிக்கவும் யோசிக்கிறேன், சுவருக்குப் பூச நிறம் தெரிவு செய்யவும் தயங்குகிறேன். யாரிடமோ கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் போல் இருக்கிறது. பெரிய அறையைச் சும்மா பூட்டி வைத்துவிட்டு நான் பின்பக்கத்துச் சின்ன அறையில் படுக்கிறேன். ஏன் அதையும் வாடகைக்கு விடக்கூடாது என்று சிவநேசன் கேட்டுக் களைத்துவிட்டான். அவனுக்கு எப்படிச் சொல்வது? இது பூமணி அக்காவின் வீடு. தம்பி நான் வந்து தங்கியிருக்கிறேன். அக்காதான் இங்கே இல்லை.