பதினேழாம் வாய்ப்பாட்டுச் சடுகுடு

பேரன் நேற்று பதினேழாறு எவ்வளவு என்று கைப்பேசியில் தட்டிப் பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நூத்தி ரெண்டுடா" என்று கத்தினேன். கத்தும்போதே என் வலது கால் தானாக முன்னே நீண்டு யாரையோ தொடப் பார்த்தது. காலைக் குறை சொல்ல முடியாது. அது அப்படிப் படித்த கால்.

ஐம்பதுகளில், கவரைப்பேட்டைப் பக்கம் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் கிடையாது. கணக்கு வாத்தியார்தான் மைதானத்துக்கும் வருவார். விளையாட்டைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் அடங்காத ஏழு பேரைப் பொறுக்கிச் சடுகுடு டீம் ஆக்கினார். முதல் ஆள் நான். இரண்டு சட்டம் போட்டார். பாடிப் போகிறவன் 'சடுகுடு' என்று சொல்லக்கூடாது, வாய்ப்பாடு சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னால் அவுட். எவனாவது கை நீட்டினால் ஏழு பேருக்கும் ஆட்டம் கிடையாது. கேட்டால் சிரிப்பாக இருக்கும். கணக்கில் முட்டை வாங்கிய நான் வயிற்றெரிச்சலோடு பதினேழு வரை படித்தேன்.

அப்போது என் நிலைமை மோசம். இன்னொரு அடிதடி என்றால் டி.சி. என்று ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார். டி.சி. வந்தால் செங்கல் சூளை என்று நைனா சொல்லியிருந்தார்.

இந்த லட்சணத்தில் பெரியபாளையத்தில் போட்டி. கோட்டைத் தாண்டி, பதினேழேழு நூற்றுப் பத்தொன்பது என்றேன். எதிரணித் தடியன் ஒருவன் நின்று விரல் விட்டு எண்ணினான், சரியா என்று பார்க்கிறானாம். தொட்டுவிட்டு வந்தேன். நடுவர் விசில் ஊதி, சடுகுடு சொல்லாததால் நான்தான் அவுட் என்றார். வாய்ப்பாடு எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் மட்டும்தான் செல்லும் என்று வாத்தியாருக்கே அப்போதுதான் உறைத்தது. தடியன் சிரித்தான். நான் கையை ஓங்கிவிட்டேன்.

பின்னாலிருந்து காசிம் சட்டையைப் பிடித்தான். பழவேற்காட்டு வியாபாரி வீட்டுப் பிள்ளை, எங்கள் ஊரில் மாமா வீட்டில் தங்கிப் படித்தவன், எங்கள் ஏழு பேரில் ஒருவன்.

"இன்னாடா, நீ ஒர்த்தன் அடிச்சிட்டு ஏழு பேரும் ஊட்ல குந்திக்கினு இருக்கணுமா? குந்துடா."

குந்தினேன். தோற்றோம்.

அடிதடி நடக்கவில்லை என்று வாத்தியார் சொன்னதை மறுநாள் ஹெட்மாஸ்டர் நம்பவில்லை. என்னைச் சுற்றி வந்து சட்டையைப் பார்த்தார். "பொத்தான் எல்லாம் இருக்குதே" என்றார், ஏமாந்தவர் மாதிரி. டி.சி. வரவில்லை.

அந்த மைதானத்தில் இப்போது தொழிற்சாலை. போன வாரம் கேட் வழியாக எட்டிப் பார்த்தேன். "இன்னா பெருசு, போய்க்கினே இரு" என்றான் காவலாளி. இந்த வயதில் எனக்கு இது தேவையா? கையை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. பின்னாலிருந்து யாராவது சட்டையைப் பிடிப்பார்கள் என்று பார்த்தேன். காசிம் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன.

நானே குந்திக்கொண்டேன்.