பூவாயி குவித்த படம்

பூவாயி அக்காவின் களத்தில் ஒரு நாளும் காபி நனைந்ததில்லை. சேலத்துக்கு மேலே மலையில், மஞ்சக்குட்டைப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் இருபத்தாறு வருடமாகக் காயப்போடுவதும் கிளறுவதும் அவர்தான். மேகம் கறுத்தால் எல்லோரும் களத்துக்கு ஓடுவோம். அந்த அவசரத்திலும் பழம் உரித்துக் கழுவிய வெளுத்த தோல்காபியையும், பழமாகவே காயும் கறுத்த செர்ரியையும் கலக்காமல் தனித்தனியாகக் குவிப்பது அவர் மட்டும்தான்.

1988 தை மாதம் அவரும் நானும் தோல்காபி, செர்ரி, சாமை என மூன்று மூட்டைகளோடு புதுச்சேரிக்கு பஸ் ஏறினோம். எங்கள் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகள் சாந்தாமேரி அங்கே ஓவியம் படித்தவள். பழைய பிரெஞ்சு வீட்டு முற்றத்தில், காபியையும் சாமையையும் பரப்பி எங்கள் மலையையே படமாக்கப் போகிறாள். முதல் கண்காட்சி. இதை யாரும் சீண்டாவிட்டால் ஊருக்குத் திரும்பிக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பது ரைட்டர் போட்ட நிபந்தனை.

தெருவுக்குத் தெரு படம், பாட்டு, நாடக ஒத்திகை.

"ஏங் கண்ணு, இந்த ஊர்ல யாருக்கும் வேலைவெட்டியே இல்லையா?"

"இதுதான்க்கா வேலை."

"அட, நொம்ப நல்ல வேலையா இருக்குதே!"

மறுநாள் மத்தியானம் படம் முடிந்தது. ஐந்து மணிக்குத் திறப்பு. சாந்தாமேரி ஆட்களை அழைக்கப் போயிருந்தாள். மூன்றரைக்குக் கடல் பக்கம் வானம் இருண்டது. பூவாயி அக்கா சேலையைச் செருகிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். தடுத்திருக்க வேண்டும். பட்டம் வாங்கிய நான் என்ன செய்தேன்? நானும் குனிந்து குவித்து, மேலே படுதா போட்டு மூடினேன். என் கைக்கும் அந்த மேகம் மட்டும்தான் தெரிந்தது.

மழை வரவில்லை. சாந்தாமேரி வந்தாள்.

"பூவாயிக்கா! என் படம் எங்கே?"

"மழை மேகமாட்டம் இருந்துதுங்க பாப்பா. நனைஞ்சா படமும் போயிருமுங்க, காபியும் போயிருமுங்க."

"போச்சு. எங்கப்பா ஜெயிச்சுட்டாரு." அவள் படியில் உட்கார்ந்து அழுதாள்.

பூவாயி அக்கா படுதாவை விலக்கினார். மூன்று குவியல், ஒன்றில்கூட வேறு மணி கலந்திருக்கவில்லை. "எது எங்கே இருந்துச்சுன்னு சொல்லுங்க பாப்பா. அழுவுறத அஞ்சு மணிக்கு மேல வெச்சுக்கலாம்."

கையால் அடுக்க நேரமில்லை. முறத்தால் வீசிப் பரப்பினார். களத்தில் செய்வதுபோலவே பாதங்களை இழுத்து இழுத்து நடந்தார். பின்னால் வரி வரியாகப் பள்ளங்கள். நான்கைந்து சுற்றில் மலைச்சரிவு எழுந்து நின்றது. சாந்தாமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தாள்.

ஐந்து மணிக்கு வந்தவர்கள் விளிம்பில் குனிந்து குனிந்து பார்த்தார்கள். ஒருவர் பூவாயி அக்காவிடமே கேட்டார், "இது என்னம்மா?"

"காபிங்க. இன்னும் ரெண்டு வெயில் காயோணும்."

கிளம்பும்போது, தினமும் மத்தியானம் கிளறிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தார். சாந்தாமேரி கிளறினாள். நாளுக்கொரு படம் வந்தது. அதைப் பார்க்கவே கூட்டம் வந்ததாம்.

நான்காம் நாள் ரைட்டர் போனார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்தார். குனிந்து ஒரு கொட்டையை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

"நல்லாக் காஞ்சிருக்குது" என்றார். கல்யாணப் பேச்சை எடுக்காமலே சேலம் பஸ் ஏறினார்.