ஆறடிக் கடையும் பழைய படமும்

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், பழைய கடைத்தெருவில் பைகளுக்கு ஜிப்பு மாற்றுகிறவர். தெருவில் அவருக்குப் பெயரே ஜிப்புக்காரர்தான். மருந்துக்கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவே ஆறடி அகலத்தில் கடை. ஒரு தையல் மெஷின், ஒரு குறடு, பிஸ்கட் டப்பாக்களில் அளவு பிரித்துப் போட்ட, ஜிப்பை இழுத்து மூடும் ஓட்டிகள். சும்மா சிக்கிக்கொண்ட ஜிப்பு என்றால் மெழுகுவத்தியைத் தேய்த்து இழுத்துக் காட்டி, "போங்க, இதுக்கு ஒண்ணும் வேணாம்" என்று அனுப்பிவிடுவார். காலை நீட்டினால் எதிர்ச் சுவரில் இடிக்கும். "என் பேராசையும் இதே அளவுதான் மாப்ள" என்பார்.

அது ஒரு காலத்தில் சந்து. அவருடைய அப்பா மேலே கூரை போட்டு, முன்னும் பின்னும் சுவர் வைத்துக் கடையாக்கினார். வரி ரசீது உண்டு, மின்சார இணைப்பு உண்டு. நாற்பது வருஷமாக யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

கடைத்தெருவைப் பழையபடி அழகாக்கப் போகிறோம் என்று நகராட்சி சொன்னபோது முதலில் சந்தோஷப்பட்டவர் அவர்தான். பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. ஜனங்கள் எல்லாம் புறவழிச்சாலைப் பக்கம் போய்விட்டார்கள். இன்ஜினியர் அம்மா ஒருவர் கடை கடையாக ஏறி இறங்கினார். "பழைய படம் ஏதாவது இருக்கா? அதப் பாத்து அப்படியே கட்டப்போறோம்."

யாரிடமும் இல்லை. மச்சானிடம் இருந்தது. தெரு முழுக்கத் தெரிகிற மாதிரி எப்போதோ எடுத்து, அவர் அப்பா கடையில் மாட்டிய படம். ஆணியிலிருந்து கழற்றி, கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து, "பத்திரமாத் திருப்பிக் கொண்டாங்கம்மா" என்று கொடுத்தனுப்பினார். ஒரு வாரம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதே பேச்சு.

அந்தப் படம் எடுத்தபோது கடையே இல்லை என்பது அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. தினமும் கண்ணில் படுகிற படத்தை எவன் பார்க்கிறான்?

இரண்டு மாசம் கழித்துத் தெருமுனையில் பெரிய பலகை வைத்தார்கள். தெரு எப்படி வரப்போகிறது என்று வரைந்த படம். எல்லாரும் போய்த் தங்கள் கடையைத் தேடினோம். மச்சான் இந்தக் கோடியிலிருந்து விரலால் எண்ணிக்கொண்டு போனார். மருந்துக்கடை, அப்புறம் ஒரு வளைவு வாசல், அப்புறம் துணிக்கடை. அந்தக் கோடியிலிருந்து திரும்ப எண்ணினார்.

"என் கடை எங்க?"

மருந்துக்கடைக்காரர் பலகையில் விரல் வைத்தார். "அந்தா, உங்க மெஷின் இருக்கிற இடத்துல பூந்தொட்டி வெச்சிருக்காங்க பாருங்க."

சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார்.

நகராட்சிக்கு அவரோடு நானும் போனேன். இன்ஜினியர் அம்மா நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "உங்க படம் இல்லன்னா இந்த வேலையே நடந்திருக்காது சார். அதுல அது சந்துதானே? பஸ் நிலையத்துக்குப் பின்னால வணிக வளாகத்துல உங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கோம்."

"எத்தனாவது மாடிம்மா?"

"மூணாவது."

"பிஞ்ச பையத் தூக்கிட்டு மூணு மாடி எவன் ஏறுவான்?"

இன்ஜினியர் அம்மா ஒதுக்கீட்டுத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். நல்ல பெண்தான். அதனால் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

திரும்பி வரும்போது மச்சான் சொன்னார்: "சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டேன் மாப்ள."

"காசு எங்க வாங்கினாங்க? சும்மாதானே குடுத்தீங்க" என்றேன்.

மனு எழுதினார், எழுதினார், பக்கத்துக் கடைக்காரர்களிடம் கையெழுத்தும் வாங்கினார். தெரு அழகானால் தங்கள் வியாபாரம் நிமிரும் என்று நம்புகிறவர்கள்தான் அதிலும் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்றும் நகரவில்லை.

இதில் என் பங்கும் உண்டு. நான் கொத்தனார். முகப்பு வேலை எடுத்த காண்ட்ராக்டரிடம் நான்தான் மேஸ்திரி. "அண்ணன் கடைய நீங்களா இடிக்கப்போறீங்க?" என்று மனைவி கேட்டாள். வேண்டாமென்று காண்ட்ராக்டரிடம் சொல்லத்தான் போனேன். மச்சானே தடுத்தார்.

"நீயே இடி. வேற எவனாச்சும் கை வெச்சா மெஷின் மேல கல்லத் தள்ளுவான்."

மெஷினைப் போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றினோம். டப்பாக்களை எல்லாம் மூன்று சாக்கில் கொட்டிக் கட்டினார். அளவு பிரிக்கவில்லை. நான் சுவரில் உளி வைத்தேன். அவர் அப்பா வைத்த செங்கல் சீக்கிரம் பெயர்ந்தது. உள்ளே, இரண்டு பக்கமும், வளைவின் பழைய செங்கல் படத்தில் இருந்தபடியே வரிசை பிசகாமல் நின்றது. இன்ஜினியர் அம்மா ஓடி வந்து செல்போனில் படம் எடுத்தார்.

"படம் பொய் சொல்லல" என்றார் மச்சான்.

சாயங்காலம் நான் கலவை போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெண் தோள்பையோடு வந்தாள். வளைவு வாசலைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "என்னங்க, கடைய எங்க காணோம்?"

மச்சான் வழக்கம்போலக் கையை நீட்டிப் பையை வாங்கினார். இழுத்துப் பார்த்தார். "ஓட்டி போயிடுச்சும்மா. அஞ்சாம் நம்பர்." சொல்லிவிட்டு வண்டியில் கிடந்த மூன்று சாக்கையும் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு வாங்கம்மா."

"எங்க வரணும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கலவையைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.